நுங்கர் கிரகத்தில் மொழிபெயர்த்த கிளி

ஒரு காட்டின் நடுவே பாசிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதைச் சுற்றிக் கீரி, எருமை, முயல், தவளை, ஆமை, தேவாங்கு என்று பல பிராணிகள் குடியிருந்தன. ஒரு கோடையில் குளம் வற்றியது. அடுத்த மழையில் பாதிதான் நிரம்பியது. அதற்கடுத்த மழை வரவே இல்லை. குளத்தின் தரை வெடித்து, ஆமையின் முதுகுபோல் ஆனது. தவளைகள் தாகத்தில் பாடுவதைக்கூட நிறுத்திவிட்டன.

வீரபாகு என்ற கீரி ஒரு பாறைமேல் ஏறி நின்று வாலை ஆட்டியது.

"நண்பர்களே! இனி இந்தப் பூமியை நம்பிப் பயனில்லை! வேறு கிரகத்துக்குக் குடிபோவோம்!"

"அங்கே தண்ணீர் இருக்குமா?" என்று தவளைகள் கேட்டன.

"இங்கே இல்லை என்பது உறுதி. அங்கே இருக்கலாம்!" என்றது கீரி.

அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள். கறையான்கள் விண்கப்பலின் சுவரைக் கட்டின. தூக்கணாங்குருவிகள் இருக்கைகளைப் பின்னின. மரநாய்கள் எரிபொருள் காய்ச்சின. எதிலிருந்து காய்ச்சின என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாசனைக்குப் பயந்து, அருகில் போய்க் கேட்க யாருக்கும் துணிவில்லை.

கப்பல் ஒருவழியாக முடிந்தது. பார்ப்பதற்கு அது ஒரு பெரிய பலாப்பழம்போல் இருந்தது. அதனால் அதற்குப் 'பலா' என்றே பெயர் வைத்தார்கள்.

கப்பலில் இடம் குறைவு. அதனால் கீரி ஒரு விதி போட்டது. "வேலை தெரிந்தவருக்கு மட்டுமே இடம்!"

கருப்பாயி என்ற எருமைக்குச் சமையல் வேலை கிடைத்தது. முயல்களுக்குத் தோண்டும் வேலை. உறங்காப்புலி என்ற தேவாங்குதான் கப்பலோட்டி. விண்வெளி முழுக்க இருட்டு. இருட்டில் கண்ணை அகல விழித்திருக்கத் தேவாங்கைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

கடைசியில் பச்சைநாயகி என்ற கிளியின் முறை வந்தது.

"உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டது கீரி.

கிளி யோசித்தது. பழத்தைப் பாதி கடித்துவிட்டுக் கீழே போட அதற்குத் தெரியும். யார் பேசினாலும் அப்படியே திருப்பிச் சொல்லத் தெரியும். இதையெல்லாம் வேலை என்று ஒப்புக்கொள்வார்களா? ஒப்புக்கொள்ளாவிட்டால் வற்றிய குளத்தோரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"எனக்கு மொழிகள் தெரியும்!" என்றது கிளி சட்டென்று.

"எத்தனை மொழி?"

"ஏழு!"

"வேற்றுக்கிரகத்தார் மொழி தெரியுமா?"

"அதைத்தான் முதலில் கற்றேன்!"

கீரிக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தீர்களா! நம்மிடம் மொழிபெயர்ப்பாளரே இருக்கிறார்!" என்று சொல்லிக் கிளிக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தது.

பலா கிளம்பியது. பூமியின் இழுவையைத் தாண்டியதும் எல்லாரும் மிதக்க ஆரம்பித்தார்கள். ஆமை தலைகீழாகச் சுழன்று, "யாராவது என்னைப் பிடியுங்கள்!" என்று கத்திக்கொண்டே போனது. கருப்பாயி காய்ச்சிய கூழ் உருண்டை உருண்டையாகப் பறந்தது. தவளைகள் நாக்கை நீட்டி அதைப் பிடித்துத் தின்றன. கருப்பாயியும் மிதந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அதன் கால்களுக்குப் பாரம் இல்லை. அது காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, "அடடா! எனக்குக்கூட ஆடத் தோன்றுகிறதே!" என்றது.

எல்லாரும் சிரித்தார்கள். கிளி மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலில் அலகை ஒட்டிக்கொண்டு, 'கடவுளே! போகிற இடத்தில் யாரும் இருக்கக் கூடாது. ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது' என்று வேண்டிக்கொண்டிருந்தது.

நெடும் பயணத்துக்குப் பிறகு ஒரு கிரகம் தெரிந்தது. அதற்கு இரண்டு சூரியன்கள். ஒன்று மறைந்தால் மற்றொன்று உதிக்கும். அதனால் அங்கே இரவு என்பதே கிடையாது. நடுவில் ஒரு பெரிய ஏரி பளபளத்தது. அதன் கரையில் வெதுவெதுப்பான மணல்வெளி. பார்த்ததும் படுத்து உருளலாம்போல் இருந்தது.

"அங்கேதான்! அந்த மணலில் இறக்கு!" என்று கத்தியது கீரி.

உறங்காப்புலி கப்பலை மெதுவாக மணல்மேல் இறக்கியது. கதவு திறந்தது. சூரிய ஒளி உள்ளே பாய்ந்தது. பகலைக் கண்டால் உறங்குவது தேவாங்கின் வழக்கம். அது கொட்டாவி விட்டது. "பொழுது சாய்ந்ததும் எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, இருக்கையிலேயே சுருண்டு உறங்கிவிட்டது.

பொழுதுதான் சாயாதே! அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

தவளைகள் ஏரியை நோக்கி ஓடின. அதற்குள் மேட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ உருண்டு வருவது தெரிந்தது.

வந்தவர்கள் பனங்காய் அளவுக்கு உருண்டையாக, வழவழவென்று, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கண்கள். கைகள் மட்டும் வேண்டும்போது நீளும், வேண்டாதபோது உள்ளே போய்விடும்.

"நுங்கு!" என்று கத்தியது ஒரு முயல்.

"உஸ்! விருந்தாளியைப் பார்த்துத் தின்பண்டம் என்று சொல்லாதே!" என்று அதட்டியது கருப்பாயி. ஆனாலும் அவர்களுக்கு 'நுங்கர்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நுங்கர்களின் தலைவர் முன்னால் உருண்டு வந்தார். "ப்ளுபு நுலுங் பும்பும்!" என்றார்.

அதன் பொருள் இதுதான். 'வந்தவர்களே, நலமா? இந்த மணலுக்குள்தான் எங்கள் முட்டைகள் இருக்கின்றன. குஞ்சுகள் வெளியே வரும் காலம் நெருங்கிவிட்டது. உங்கள் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.'

எல்லாரும் கிளியைப் பார்த்தார்கள். 'தெரியாது' என்று சொன்னால் என்ன ஆகும்? வற்றிய குளத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ?

அது இறகை விரித்துச் சிரித்தது. "'வருக, வருக! இந்த இடம் முழுவதும் உங்களுக்கே! இங்கிருந்து ஓர் அடிகூட நகரக் கூடாது!' என்கிறார்."

"ஆகா! எவ்வளவு பெரிய மனது!" என்று கீரி நெஞ்சில் கை வைத்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நீண்ட சொற்பொழிவு ஒன்று ஆற்றியது. அங்கே ஒரு நகரம் அமைக்கப் போவதாகச் சொன்னது. அதற்கு 'வீரபாகுபுரம்' என்று பெயர் வைக்கப் போவதாகவும் சொன்னது. அதன் திறப்பு விழா முடியும்வரை யாரும் ஏரியில் வாய் வைக்கக் கூடாது என்று ஒரு விதியும் போட்டது. முடித்துவிட்டு, "இதை அவர்களுக்குச் சொல்!" என்றது.

கிளிக்கு வேறு வழி தெரியவில்லை. தலைவர் சொன்னதையே அச்சு அசலாகத் திருப்பிச் சொன்னது. "ப்ளுபு நுலுங் பும்பும்!"

தலைவரின் மூன்று கண்களும் அகன்றன. 'நான் சொன்னதையே எனக்குச் சொல்கிறதே!' என்று குழம்பி, பக்கத்தில் இருந்த குளுக் என்ற நுங்கரைப் பார்த்தார். நுங்கர்களில் வானத்தார் மொழி தெரிந்தவர் குளுக்தான் என்று பெயர். குளுக் பெருமிதமாக நிமிர்ந்து தலைவரிடம் ஏதோ சொன்னது. தலைவரின் முகம் மலர்ந்தது. எல்லாரும் உருண்டு திரும்பிப் போனார்கள்.

"என் சொற்பொழிவு அவர்களுக்குப் பிடித்துவிட்டது!" என்றது கீரி.

"'வீரபாகுபுரம் என்ற பெயர் கேட்கவே இனிமை' என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்," என்றது கிளி.

ஒரு சூரியன் மறைந்து மற்றது உதித்தது. தலைவர் மறுபடியும் வந்தார். கப்பல் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ப்ளுபு! ப்ளுபு!" என்றார். அதாவது, 'நகர்த்துங்கள்! நகர்த்துங்கள்!'

"என்னவாம்?" என்றது கீரி.

"'வேலி! வேலி!' என்கிறார். நகரம் என்றால் சுற்றிலும் வேலி வேண்டாமா என்று கேட்கிறார்."

"அட, நம்மைவிட அவருக்கல்லவா அக்கறை!" என்று கீரி வியந்தது. உடனே முயல்களைக் கூப்பிட்டு, மணல்வெளியைச் சுற்றிக் கழிகளை நட்டு வேலி போடச் சொன்னது. ஏரிப் பக்கமாக ஒரு பெரிய வளைவும் எழுப்பியது. அதன் உச்சியில் 'வீரபாகுபுரம்' என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்தது.

குளுக் மறுபடியும் தலைவரிடம் ஏதோ சொன்னது. தலைவர் அரைமனதாகத் திரும்பிப் போனார்.

மூன்றாம் முறை வந்தபோது தலைவர் பேசவே இல்லை. வேலியைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். மூன்று கண்களிலிருந்தும் தாரை தாரையாக நீர் வழிந்தது.

"ஏன் அழுகிறார்?" என்று கேட்டது கருப்பாயி.

"ஆனந்தக் கண்ணீர்," என்றது கிளி. சொல்லும்போதே அதன் குரல் உடைந்தது.

கீரிக்கும் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு அன்பு காட்டுகிறவர்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்வோம்! உடனே திறப்பு விழா நடத்துவோம்! எல்லாரும் ஆடுங்கள்!" என்று உத்தரவிட்டது.

முயல்கள் குதித்தன. தவளைகள் தாவின. விண்வெளியில் ஆடிப் பழகிய கருப்பாயியும் தாளத்துக்கு இரண்டு மிதி மிதித்தது. இந்த முறை அதற்குப் பாரம் இருந்தது. மணல்வெளியே அதிர்ந்தது.

அதைப் பார்த்த நுங்கர்கள் அலறிக்கொண்டு மேட்டை நோக்கி உருண்டார்கள். சற்று நேரத்தில் மேட்டின் விளிம்பில் பெரிய பெரிய பாறைகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் பத்து இருபது நுங்கர்கள். ஆட்டம் நின்றது.

"அது என்ன?" என்றது கீரி.

"ப... பரிசு," என்றது கிளி. "பெரிய பரிசு."

கருப்பாயி அசை போடுவதை நிறுத்தியது. "பரிசைக் கையில் கொடுக்காமல் ஏன் மேட்டில் வைத்திருக்கிறார்கள்? இரண்டு கண்ணை மூடி ஒற்றைக் கண்ணால் ஏன் நம்மைப் பார்க்கிறார்கள்? குறிபார்ப்பது மாதிரி அல்லவா இருக்கிறது! அடியே பச்சை, உண்மையைச் சொல். அவர்கள் என்னதான் சொல்கிறார்கள்?"

"நா... நான் போய் விசாரித்துவிட்டு வருகிறேன்!" என்று கிளி பறந்தது.

விசாரிக்க அது போகவில்லை. ஒளிந்துகொள்ளப் போனது. மணல்வெளியின் கோடியில் ஒரு புதர் அடர்ந்திருந்தது. கிளி அதற்குள் தலையை நுழைத்தது.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் ஒளிந்திருந்தார். குளுக்!

குளுக் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று கண்ணும் சிவந்திருந்தன. கிளியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டித் தன் மூன்று கண்களையும் மூடப் பார்த்தது. ஒரு கண்ணுக்குக் கை போதவில்லை.

கிளிக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை. "என்னை ஒன்றும் கேட்காதே! எனக்கு உன் மொழி தெரியாது! ஒரு சொல்கூடத் தெரியாது!" என்று விம்மி அழுதது.

"நி குபுளு! நி குபுளு!" என்று குளுக்கும் அழுதது.

கிளி பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிச் சொன்னது. "நி குபுளு!"

குளுக் திகைத்தது. பிறகு அதுவும் கிளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. "எனக்குளு உன் மொளி தெளியாது?" சொல்லிவிட்டுக் கைகளை விரித்துக் காட்டியது.

கிளி அதை மேலும் கீழும் பார்த்தது. நடுக்கம் அதே நடுக்கம். அழுகை அதே அழுகை. ஒளிந்திருக்கும் புதரும் ஒன்றே.

"அடப்பாவி! நீயும் அப்படித்தானா!" என்று கத்தியது கிளி.

உண்மை அதுதான். 'நி குபுளு' என்றால் நுங்கர் மொழியில் 'தெரியாது' என்று பொருள். வானத்திலிருந்து கப்பல் இறங்குவதைப் பார்த்ததும், 'வானத்தார் மொழி யாருக்குத் தெரியும்?' என்று நுங்கர் தலைவர் கேட்டிருந்தார். எல்லாரும் தன்னைப் பாராட்டுவார்கள் என்ற ஆசையில் குளுக் கையை நீட்டிவிட்டது. அன்றிலிருந்து கீரி என்ன பேசினாலும், 'இதோ நகர்த்திவிடுகிறோம் என்கிறார்கள்' என்று தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதையே கிளி திருப்பிச் சொன்னபோதும், 'வானத்தார் சம்மதம் தெரிவிக்கும் முறையே அதுதான்' என்று அடித்துவிட்டது.

கிளிக்கு இந்த விவரமெல்லாம் அப்போது தெரியாது. ஆனால் எதிரில் இருப்பவரும் தன்னைப்போல் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் என்பது மட்டும் விளங்கிவிட்டது. அதற்குச் சிரிப்பு வந்தது. குளுக்கும் சிரித்தது. சிரித்தால் நுங்கர்களின் உடம்பு குலுங்கும்போலும். அதைப் பார்த்துக் கிளிக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் குளுக் கிளியின் காலைப் பிடித்து இழுத்தது. புதரின் ஓரம் மணலைத் தோண்டியது. உள்ளே ஒரு முட்டை தெரிந்தது. ஒளி ஊடுருவும் அதன் ஓட்டுக்குள் மூன்று குட்டிக் கண்கள் மலங்க மலங்க விழித்தன.

"பும்," என்றது குளுக்.

"பும்," என்றது கிளி.

குளுக் மணலில் பலாப்பழம்போல் ஒரு வடிவம் வரைந்தது. அதன் அடியில் ஏராளமான சிறு வட்டங்கள் போட்டது. "பும், பும், பும்," என்றது. பிறகு பலாப்பழத்தின்மேல் கையை வைத்துத் தள்ளுவதுபோல் காட்டி, "ப்ளுபு!" என்றது.

கிளியின் இறகெல்லாம் சிலிர்த்தது. தலைவர் முதல் நாள் சொன்னது அதன் காதில் அப்படியே இருந்தது. 'ப்ளுபு நுலுங் பும்பும்.' நகர்த்துங்கள்... குஞ்சுகள்!

"ஐயையோ! பிள்ளைகள்மேலா நாங்கள் ஆடினோம்!"

கிளி எழும்பிப் பறந்தது. குளுக்கும் மேட்டை நோக்கி உருண்டது.

பறக்கும்போதே கிளியின் மனம் கணக்குப் போட்டது. 'உண்மையைச் சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இன்னும் ஒரே ஒரு பொய். அவர்கள் மனம் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். கப்பலும் நகர்ந்துவிடும், என் மானமும் தப்பிவிடும்.'

கீரியின் முன்னால் வந்து இறங்கி, மூச்சு வாங்கச் சொன்னது. "தலைவரே! நுங்கர்கள் மனம் மாறிவிட்டார்கள்! இந்த இடம் அவர்களுக்கு வேண்டுமாம்! கப்பலை நகர்த்தச் சொல்கிறார்கள்!"

கீரியின் மயிர் குத்திட்டு நின்றது. "என்னது! கொடுத்த இடத்தைத் திரும்பக் கேட்பதா? 'ஓர் அடிகூட நகரக் கூடாது' என்று சொன்னவர்களா இப்படிப் பேசுகிறார்கள்? வாக்குத் தவறியவர்களுக்கு நான் யார் என்று காட்டுகிறேன்! முயல்களே, வேலிக் கழிகளைப் பிடுங்குங்கள்! சண்டைக்குத் தயாராகுங்கள்!"

முயல்கள் நடுங்கியபடி கழிகளை ஏந்தின. மேட்டில் ஒரு பாறை அசைந்தது. கிளிக்குப் புரிந்துவிட்டது. ஒரு பொய்யை இன்னொன்றால் மூடப் போய், இப்போது எல்லாருடைய உயிருக்கும் ஆபத்து!

"நிறுத்துங்கள்!" என்று அலறியது கிளி. "அவர்கள் வாக்குக் கொடுக்கவே இல்லை! எனக்கு அவர்கள் மொழி தெரியாது! எல்லாம் நான் கட்டிய கதை!"

முயல்களின் கழிகள் தாழ்ந்தன.

"வருக வருக என்றது?" என்று மெதுவாகக் கேட்டது கீரி.

"நான் சொன்னது."

"வேலி?"

"அதுவும் நான்."

"ஆனந்தக் கண்ணீர்?"

"வெறும் கண்ணீர், தலைவரே."

கீரி வளைவைத் திரும்பிப் பார்த்தது. "வீரபாகுபுரம் என்ற பெயர் கேட்கவே இனிமை என்றார்களே... அது?"

கிளி தலைகுனிந்தது. கீரிக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"இந்த மணலுக்குள் அவர்களுடைய முட்டைகள் இருக்கின்றன," என்றது கிளி. "குஞ்சுகள் வெளியே வர வேண்டும். நம் கப்பல் மேலே நிற்கிறது. அதைத்தான் முதல் நாளிலிருந்து கெஞ்சுகிறார்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். முதலில் கப்பலை நகர்த்துங்கள்!"

கருப்பாயி காதை மணலில் வைத்துக் கேட்டது. உள்ளே 'டிக், டிக்' என்று சின்னச் சின்ன ஓசை. ஓடு உடையும் ஓசை! "சொல்வது உண்மைதான்! ஓடுங்கள்!" என்று முழங்கியது.

எல்லாரும் கப்பலுக்கு ஓடினார்கள். அங்கே கப்பலோட்டி உறங்காப்புலி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. உலுக்கினார்கள். எழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நாக்கால் நக்கிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது. "பொழுது சாயட்டும்," என்று முனகியது.

"இங்கே பொழுது எங்கே சாய்கிறது!" என்று கீரி தலையில் அடித்துக்கொண்டது.

கருப்பாயி அங்கும் இங்கும் பார்த்தது. சமையலறைக்கு ஓடிக் கூழ்ப் பானையை எடுத்து வந்து, தேவாங்கின் தலைமேல் கவிழ்த்தது.

பானைக்குள் கும்மிருட்டு. குறட்டை நின்றது.

"அடடே, இருட்டிவிட்டதா?" என்று உற்சாகமான குரல் உள்ளேயிருந்து வந்தது. "எங்கே போக வேண்டும்?"

"ஏரிக்கு அக்கரைக்கு! சீக்கிரம்!"

"போகலாம். ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே! இவ்வளவு இருட்டை நான் பார்த்ததே இல்லை!"

பானையை எடுத்தால் உறங்கிவிடும். எடுக்காவிட்டால் பார்வை இல்லை. என்ன செய்வது? கிளி பறந்து போய்ப் பானைமேல் உட்கார்ந்தது.

"அண்ணே! நான் பார்த்துச் சொல்கிறேன். அப்படியே செய்யுங்கள்! மேலே தூக்குங்கள்!"

"நீ சொல்வதை நம்பலாமா?" என்று வாசலிலிருந்து கேட்டது ஆமை.

"கண்ணால் பார்ப்பதை மட்டுமே சொல்வேன்! அண்ணே, இடப்பக்கம்! போதும், போதும்! இன்னும் மேலே!"

பலா உறுமிக்கொண்டு எழும்பியது. அதே நேரத்தில் மேட்டிலும் ஒரே கூச்சல். குளுக் தலைவரின் முன்னால் விழுந்து, "நி குபுளு! நி குபுளு!" என்று கதறிக்கொண்டிருந்தது. தலைவர் இரு கைகளையும் உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். ஆனால் ஒரு பாறை மட்டும் அதற்குள் புறப்பட்டுவிட்டது. கடகடவென்று உருண்டு வந்து, கப்பலின் அடிவயிற்றை உரசுவதுபோல் கடந்து, மணல்வெளியின் ஓரமாகவே ஓடி, வீரபாகுபுரத்தின் வளைவைத் தூள் தூளாக்கிவிட்டு ஏரிக்குள் 'தொப்' என்று விழுந்தது.

பெயர் போய்விட்டது. உயிர்கள் எல்லாம் தப்பின.

கிளி வழிசொல்ல, கப்பல் அக்கரையில் பத்திரமாக இறங்கியது. முயல்கள் அவசர அவசரமாக மிச்ச வேலியைப் பிடுங்கி எறிந்தன. கப்பல் நின்ற இடத்தில் மணல் பொங்கியது. முதலில் ஒரு குட்டி நுங்கு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு மணல்வெளி முழுவதும் பளபளவென்று குட்டி நுங்குகள்! எல்லாம் சலசலத்துக்கொண்டு ஏரியை நோக்கி உருண்டன.

ஒரு குட்டி மட்டும் வழி தவறி, கீரியின் வாலைப் பிடித்துக்கொண்டது. கீரிகளுக்கு முட்டை என்றால் எவ்வளவு ஆசை என்பது எல்லாருக்கும் தெரியும். மேட்டிலிருந்த நுங்கர்களுக்குத்தான் தெரியாது. பிராணிகளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. கீரி அசையவே இல்லை. அந்தக் குட்டி மூன்று கண்ணாலும் அதை அண்ணாந்து பார்த்தது. கீரி மெதுவாக, மிக மெதுவாக நடந்து போய், வாலைத் தண்ணீரில் தாழ்த்தியது. குட்டி நழுவி நீந்திப் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கீரி எந்தச் சொற்பொழிவும் ஆற்றவில்லை.

நுங்கர் தலைவர் இறங்கி வந்தார். நெடுநேரம் ஏதோ பேசினார். எல்லாரும் கிளியைப் பார்த்தார்கள்.

"எனக்குப் புரியவில்லை," என்றது கிளி. சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டது.

அடி விழவில்லை. "புரியாவிட்டால் கேட்டுச் சொல்," என்றது கீரி.

கிளியும் குளுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். ஏரியைக் காட்டிச் சொல் கேட்டார்கள். கல்லைக் காட்டிச் சொல் கேட்டார்கள். ஒரு சூரியன் மறையும்வரை, இதற்கு என்ன, அதற்கு என்ன என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். கருப்பாயி இருவருக்கும் கூழ் ஊற்றியது. குளுக் ஒரு வாய் குடித்துவிட்டு மூன்று கண்ணையும் இறுக மூடிக்கொண்டது. அது பிடித்ததாலா பிடிக்காததாலா என்று கிளி சொல்லவில்லை. தெரியாது என்றே சொன்னது.

கடைசியில் குளுக் தட்டுத்தடுமாறி ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது. "நீங்கள்... இங்கே... ஏன்?"

கீரி எழுந்தது. பெரிதாகப் பேச வாயைத் திறந்தது. வாடிப்போயிருந்த தவளைகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இரண்டே சொல்லில் முடித்தது. "தண்ணீர் இல்லை."

அந்த இரண்டு சொல்லும் கிளிக்குத் தெரியும். சற்று முன்புதான் கற்றிருந்தது. "லுலு நி," என்றது.

தலைவரின் மூன்று கண்களும் கலங்கின. அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் நின்றிருந்த நுங்கர்களைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் இரண்டு பக்கமும் உருண்டு விலகி வழிவிட்டார்கள். தவளைகள் முதலில் குதித்தன. அவற்றின் பின்னால் முயல்கள், ஆமை, கருப்பாயி என்று எல்லாரும் இறங்கி வயிறு நிறையக் குடித்தார்கள்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டினால் நமக்கும் பிறருக்கும் ஆபத்து வந்து சேரும். 'தெரியாது' என்று துணிந்து சொன்னால், கற்றுக்கொள்ளவும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும் வழி பிறக்கும்.